விரல் கணுவில் எண்ணிய கதிர்

முதல் நாள் நான் அவளுக்குக் கொடுத்தது ஓர் அடி. அதை மறைத்துவிட்டு இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

காலை நேரம். திருத்தணி தாலுகா ஆபீசில் நகல் பிரிவில் எனக்கு வேலை. பத்து மணிக்குள் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். என் மகள் கோமதிக்கு அப்போது ஒன்பது வயது. இட்லித் தட்டின் விளிம்பில் அவளுடைய வலது கை தடதடவென்று தாளம் போட்டுக்கொண்டிருந்தது. “துன்ற எடத்துல இன்னாடி வெளையாட்டு?” என்று முதுகில் ஒன்று வைத்தேன்.

“நான் பண்லம்மா. அதுவா ஆடுது” என்றாள். சொல்லி முடிப்பதற்குள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. தட்டு கவிழ்ந்தது. கண் மேலே சொருகிக்கொண்டது.

பிள்ளைக்கு வலிப்பு வந்து, ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்கேன் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் என் மகளுக்கு என்ன நோய் என்றே தெரிந்திருக்காது. நான் கேட்காமல் விட்ட கேள்விகளை நீங்கள் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது சி.டி. ஸ்கேன் (தலையைச் சுற்றி எக்ஸ்ரே குழாய் சுழன்று, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கிப் பார்ப்பதைப் போல மூளையைக் காட்டும் படம்) மெட்ராசிலேயே ஓரிரண்டு இடங்களில்தான் இருந்தது. உள்ளூர் டாக்டர் ஒரு தனியார் இடத்துக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் பொதட்டூர்பேட்டையில் தன் அண்ணனுடைய பவர்லூமில் தறி ஓட்டுகிறவர். தறியை நிறுத்திவிட்டு வந்தார். மூவரும் காலை ரயிலில் போனோம். ரயிலில் கோமதி சன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டு வந்தாள். நான் மனதுக்குள் மலையைப் பார்த்து வேண்டிக்கொண்டேன். ‘முருகா, மூளையில் புற்று மட்டும் இருக்கக் கூடாது. இல்லையென்று ஆகிவிட்டால் அவளுக்கும் எனக்கும் சேர்த்து மொட்டை.’

ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கோமதிக்குத் தூக்க மருந்து கொடுத்தார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், மெஷினை இயக்குகிறவருக்குப் பின்னால் என்னை நிற்க விட்டார்கள். வட்டமான பெரிய மெஷினுக்குள் அவள் தலை மட்டும் போனது. உறுமல் போல ஒரு சத்தம் வந்தது, நின்றது. திரையில் படம் மெதுவாக மேலிருந்து கீழாக இறங்கியது. இயக்குகிறவர் முகம் சுளித்தார்.

“கொயந்த அசையுது. படம் இழுத்துகினு வருது. இன்னொரு தபா போடணும்.”

இன்னொரு தடவை போட்டார். அப்புறம் இன்னொரு தடவை. இடையில் மெஷின் சூடாகிவிட்டது என்று நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். ஒவ்வொரு உறுமலுக்கும் நான் “முருகா” என்றேன். அம்மா எனக்குச் சிறுவயதில் பழக்கிய வழக்கம் அது. கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களின் கணுக்களில் வைத்துக்கொண்டே போவது. ஒரு கையில் பன்னிரண்டு கணு. பன்னிரண்டு முடிந்தால் அடுத்த கையில் ஒரு விரலை மடக்கிவிட்டு மறுபடியும் முதல் கணுவுக்கு வருவது.

அவர் ஒரு கட்டத்தில் சலித்துப் போய், “இன்னும் எடுக்கணுமாம்மா, போதுமா?” என்று தனக்குத்தானே பேசிக்கொள்கிற மாதிரி கேட்டார்.

“நல்லா பாத்துடுங்க சார். எவ்ளோ நேரம் ஆனாலும் பரவாயில்ல. நாங்க இருக்கறோம்” என்றேன்.

ஐயோ, என் வாய்! அந்த ஒரு வார்த்தையை இன்றைக்கும் நான் மென்றுகொண்டிருக்கிறேன். பல தடவை எடுத்தால் நன்றாகப் பார்க்கிறார்கள் என்று அர்த்தம் என்பதுதான் என் கணக்கு. எங்கள் பக்கம் எல்லோருக்கும் அதே கணக்குதான். டாக்டர் ஒரு நிமிடத்தில் பார்த்து அனுப்பினால் குறைப்படுவோம். அரை மணி நேரம் வைத்திருந்தால் “எவ்ளோ அக்கறையா பாக்கறாரு” என்று ஊரெல்லாம் சொல்லுவோம்.

ஒரு வில்லைக்கான படம் முடிந்ததும் படுக்கை ஒரு விரற்கடை உள்ளே நகர வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. நான் பார்த்தவரை படுக்கை நெடுநேரம் நகரவே இல்லை. ஒரே இடத்தில்தான் சத்தம் வந்துகொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டேதான் நின்றேன்.

மறுநாள் படமும் ரிப்போர்ட்டும் கொடுத்தார்கள். மூளையில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. புற்றுக் கட்டி போலத் தெரியவில்லை. அநேகமாகக் காசநோய்க் கட்டியாக இருக்கலாம், மாத்திரையில் கரையும் என்றார்கள். மெட்ராசின் பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் பார்க்கும் நாள் இரண்டு வாரம் கழித்துக் கிடைத்தது.

நாங்கள் நேராக மலைக்குப் போனோம். எனக்கு மொட்டை, அவளுக்கு மொட்டை. சந்தனம் குழைத்துப் பூசும்போது கோமதி “எரியுது, எரியுது” என்று கத்தினாள். “மொட்டைன்னா அப்டிதான்டி இருக்கும்” என்று அதட்டி, இன்னும் கொஞ்சம் தடவச் சொன்னேன்.

அத்தோடு நின்றேனா? ஸ்கேன் படங்களை உறையிலிருந்து எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்தேன். கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதைப் போலவேதான் வைத்தேன். தட்டில் தேங்காய் பழத்தோடு கொடுத்து, சாமி பாதத்தில் வைத்துத் தரச் சொன்னேன். திரும்பி வந்தபோது படங்கள் ஈரமாக இருந்தன. சந்தனமும் குங்குமமும் பட்டிருந்தன. பயபக்தியோடு அப்படியே உறையில் போட்டு, வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

தாலுகா ஆபீசில் நகல் இல்லாமல் ஒரு மூலப் பத்திரத்தை யார் கையிலும் கொடுக்காதவள் நான். அதற்காகத் தாசில்தாரோடு சண்டை போட்டவள்.

இரண்டு வாரம் கழித்து நரம்பு டாக்டர் உறையைத் திறந்தார். படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது கறுப்புப் பூச்சு தோல் தோலாக உரிந்து வந்தது. விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதுல மஞ்சள்தாம்மா தெரியுது. கட்டி எங்க?” என்றார். கோபப்படவில்லை. அவர் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். முதல் இடத்துக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். கம்ப்யூட்டரில் இடம் போதாது, பழைய படங்களை அழித்துவிடுவோம் என்று பதில் வந்தது. அந்த ஆஸ்பத்திரியிலேயே மறுபடி முழுத் தலைக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். இந்தத் தடவை ஒழுங்காக, ஒவ்வொரு வில்லைக்கும் படுக்கை நகர்ந்தது. முதல் இடத்தில் அது நகரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

காசநோய் மாத்திரைகளும், மூளை வீக்கம் குறைய ஒரு மாத்திரையும் ஆரம்பித்தார்கள். அவற்றில் ஒரு மாத்திரை கண் நரம்பைக் கெடுக்கக்கூடியது என்று டாக்டர் எச்சரித்தார். முதலில் சிவப்பும் பச்சையும் குழம்பும், அது தெரிந்தால் உடனே வரச் சொன்னார். என் வீட்டுக்காரர் தறிக்கூடத்திலிருந்து லுங்கிக்குப் போடும் சாய நூலில் சிவப்பு, பச்சை, பழுப்பு என்று சின்னச் சின்னக் கண்டுகளாகக் கொண்டுவந்தார். வாரம் ஒருமுறை வாசல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, “இது இன்னா கலருமா?” என்று கேட்பார். “பச்ச, நைனா.” “இது?” “செவப்பு.” சரியாகச் சொன்னால் ஒரு கடலை மிட்டாய்.

இரண்டு மாதம் போனது. என் தலையில் ஒரு விரற்கடைக்கு மேல் முடி வளர்ந்துவிட்டது. அவள் தலையிலும் வளர்ந்தது. ஆனால் நெற்றிக்குச் சற்று மேலிருந்து இரண்டு காதுக்கும் மேலாகப் பின்னந்தலை வரைக்கும், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை மட்டும் வழவழவென்று இருந்தது. துணியைச் சுற்றிக் கட்டிய இடம் மாதிரி. ஆபீசில் எல்லோரும் சவரக்கத்தி மேல் பழி போட்டார்கள். எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. அவளை இழுத்துக்கொண்டு மலையேறி, எங்களுக்கு மொட்டை போட்டவரைத் தேடிப் பிடித்துச் சண்டைக்கு நின்றேன்.

“இன்னா கத்திய வெச்சு செரைச்ச நீ? பொண்ணு தலைய பாரு!”

அவர் வேலையை நிறுத்திவிட்டு வந்து, கோமதியின் தலையை மெல்லத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“யம்மா, ஏங் கத்தி பட்டிருந்தா அங்கங்க திட்டா இருக்கும். இப்டி கோடு போட்ட மாதிரி சுத்தி வருமா? அன்னிக்கே அந்த எடத்துல தோலு செவந்துதாம்மா இருந்துச்சு. வெயில்னு நெனச்சேன். சந்தனம் வெக்கறப்போ கொயந்த எரியுதுன்னு கத்துச்சே, நீதானம்மா அதட்டின?”

நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்த வாரமே வீட்டுக்காரர் பச்சைக் கண்டை நீட்டியபோது, கோமதி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “பழுப்பா?” என்றாள். அவர் என்னைப் பார்த்தார். கடலை மிட்டாயை அவள் கையில் கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

நரம்பு டாக்டரிடம் ஓடினோம். அவர் நிலைமையை ஒளிக்காமல் சொன்னார். அந்த மாத்திரையைத் தொடர்ந்தால் கண் போகலாம். கட்டி கரையாமல் இருக்கும்போது நிறுத்தினால் மறுபடி வலிப்பு வரலாம், கட்டி பெரிதாகலாம். கரைந்ததா என்று பார்க்க இன்னொரு ஸ்கேன் வேண்டும். அப்போதுதான் நான் பட்டையை மறைக்கக் கோமதிக்குக் கட்டியிருந்த தலைத்துணியை அவிழ்த்துக் காட்டினேன். அவர் பட்டை மேல் விரலை வைத்து மெதுவாக ஓட்டினார்.

“இது கதிர் பட்டு விழுந்த முடி. ஒரு ஸ்கேன்ல இப்படி ஆகாதே! எத்தனை தடவை எடுத்தாங்க?”

கேட்டுப் பார்த்ததில், முதல் இடத்து நோட்டில் ‘தலை ஸ்கேன், ஒன்று’ என்று மட்டும்தான் இருந்தது. எவ்வளவு கதிர் ஏற்கனவே வாங்கியிருக்கிறாள் என்று தெரியாமல் அடுத்த ஸ்கேனுக்குத் தான் கையெழுத்துப் போட முடியாது என்றார் டாக்டர். புற்றுநோய்ப் பகுதியில் கதிர்வீச்சை அளக்கிற ஓர் அம்மாள் இருந்தார். எங்களை அவரிடம் அனுப்பினார்.

அந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது. எல்லாவற்றையும் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

“படுக்கை நகராம எவ்வளவு நேரம் எடுத்தாங்க?”

“தெரியலிங்க.”

“குத்துமதிப்பா எத்தனை தடவை சத்தம் வந்துச்சு?”

சட்டென்று என் கட்டைவிரல் தானாகக் கணுவுக்குப் போனது. அன்றைக்குச் சத்தம் நின்றபோது ஐந்து விரல் மடங்கியிருந்தது. அதற்கு மேல் இரண்டு கணு.

“அறுவத்திரண்டுங்க.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். “எண்ணினீங்களா?”

“எண்ணலிங்க. சாமி பேர சொல்லிகினு இருந்தேன். ஒரு சத்தத்துக்கு ஒரு முருகா.”

‘அறுபத்திரண்டு’ என்று பென்சிலால் எழுதி, அடியில் கோடு போட்டார். என் வேண்டுதல்தான் என் மகள் வாங்கிய கதிருக்கு இருந்த ஒரே பதிவு.

அடுத்த வாரம் அவர் அளந்த விதத்தை எனக்கும் காட்டினார். பிள்ளைத் தலை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் உருளை. உள்ளே தண்ணீர். அதன் மேல் சின்னப் பொட்டலங்களாக ஒரு வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அந்தப் பொடி தன்மேல் பட்ட கதிரை உள்ளே வைத்துக்கொள்ளும். பிறகு சூடு காட்டினால் அதை வெளிச்சமாகக் கக்கும். வெளிச்சத்தை அளந்தால் கதிர் எவ்வளவு என்று தெரியும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று அளந்து, அறுபத்திரண்டால் பெருக்கி, இரண்டாவது ஸ்கேனையும் சேர்த்தார். “மெஷின் வேற, அதனால கிட்டத்தட்டதான்” என்றார். ஆனால் வந்த தொகை, பிள்ளைக்கு முடி உதிர எவ்வளவு வேண்டுமோ அந்த அளவில்தான் இருந்தது. கண்ணுக்கு அதில் ஒரு பங்கு போயிருக்கிறது. குறைந்த பங்கு. ஆனால் சின்னது இல்லை.

“என் பொண்ணு கண்ணு போயிடுமாங்க?” என்றேன்.

“இன்னிக்கு இல்ல. சில வருஷம் பாத்துக்கிட்டே இருக்கணும். ஒண்ணும் வராமலும் போகலாம்.”

பொய் சொல்லித் தேற்றாத மனுஷி. அவரை அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. இப்போது பிடிக்கிறது.

மூன்றாவது ஸ்கேனை அவரும் நரம்பு டாக்டரும் உட்கார்ந்து திட்டமிட்டார்கள். கட்டி இருந்த மட்டத்தில் மூன்றே மூன்று வில்லை. மெஷினைச் சாய்த்து வைத்தால் கண் வழியில் வராது. கதிரின் அளவையும் குறைக்கலாம். “படம் புள்ளி புள்ளியாதான் வரும் டாக்டர். பரவாயில்லையா?” என்று அவர் கேட்டார். டாக்டருக்கு மனசே இல்லை. கடைசியில், “கட்டி இருக்கா இல்லையான்னுதானே பாக்கணும், போதும்” என்றார்.

ஒரே நிபந்தனை. பிள்ளை அசையக் கூடாது. மறுபடி எடுக்க வழி கிடையாது.

பத்து நாள் வீட்டில் பழகினோம். வீட்டுக்காரர் பழைய சைக்கிள் ரிம் ஒன்றைக் கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டார். கோமதி பாயில் படுத்து அதற்குள் தலையை வைத்துக்கொள்வாள். அவர் வாயாலேயே உறுமுவார். நான் எண்ணுவேன். முதல் நாள் சிரித்துவிட்டாள். இரண்டாம் நாள் மூக்கு அரித்தது. “தே, அசைஞ்ச, ஒத!” என்றேன். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பத்தாம் நாள் அவள் மூச்சையே அடக்கிக்கொண்டு, மரக்கட்டையாகக் கிடந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளை அப்படிக் கிடப்பதைப் பார்த்து அவருக்கு உறும வாய் வரவில்லை.

தூக்க மருந்து இல்லாமல், மூன்று சத்தத்தில் ஸ்கேன் முடிந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் முருகா என்று சொல்லவில்லை. படுக்கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு முறையும் நகர்ந்தது. படத்தில் கட்டி இல்லை. இருந்த இடத்தில் சுண்ணாம்பு தொட்டு வைத்த மாதிரி ஒரு புள்ளி மட்டும் இருந்தது. கண்ணைக் கெடுக்கும் மாத்திரையை அன்றைக்கே நிறுத்தினார்கள். இரண்டு மாதத்தில் பச்சை மறுபடியும் பச்சையானது. பட்டையில் முடியும் முளைத்தது, கொஞ்சம் மெலிசாக.

இதோடு முடித்தால் உங்களுக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கும்தான்.

மூன்று வருடம் கழித்து ஒரு நாள், திருத்தணி பஸ் ஸ்டாண்டில் தூசி விழுந்த வலது கண்ணைக் கசக்கிக்கொண்டே பொதட்டூர்பேட்டை பஸ்ஸைக் காட்டி, “அது எங்கம்மா போவுது?” என்று கேட்டாள். பலகையில் முழ எழுத்தில் எழுதியிருந்தது. அவளுடைய இடது கண்ணில் கண்புரை (கண்ணுக்குள் இருக்கும் வில்லை மங்கிப் போவது) ஆரம்பித்திருந்தது. கதிரால் வந்ததா, வீக்கத்துக்குக் கொடுத்த மாத்திரையால் வந்ததா என்று கேட்டேன். ரெண்டாலயும் இதே மாதிரிதான் வரும், பார்த்துச் சொல்ல முடியாது என்றார் கண் டாக்டர். நான் அந்த அம்மாள் பென்சிலில் எழுதிக் கொடுத்த கணக்கை நீட்டினேன். இப்போது அதன் நகல்கள் ஆறு என்னிடம் இருக்கின்றன. அவர் படித்துவிட்டு, “இத எப்பவும் கூடவே வச்சிருங்க” என்றார். வலது கண்ணையும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். எத்தனை வருடத்துக்கு என்று கேட்டேன். அவர் அடுத்த தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

உங்கள் பிள்ளைக்கு எத்தனை தடவை எடுத்தார்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். முந்தைய படத்தைப் பத்திரமாக, ஈரம் படாமல் கொண்டுபோங்கள். படுக்கை நகர்கிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால் வாயைத் திறந்து கேளுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கண் டாக்டரைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ரயிலில் கோமதி கேட்டாள்.

“யம்மா, அன்னிக்கு அத்தினி தபா சுத்தறத பாத்துகினு இருந்தியே. ஏன் நிறுத்த சொல்லல?”

“நல்லா பாக்கறாங்கன்னு நெனச்சேன்டி.”

“ஆங்” என்றாள். அரக்கோணம் தாண்டியதும் இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு வெளியே பார்த்தாள். கையை எடுத்து வலது கண்ணை மூடிப் பார்த்தாள். மறுபடி மாற்றி மூடினாள். திருத்தணி வரும்வரை அப்படியே செய்துகொண்டு வந்தாள்.

மூன்று சத்தத்தோடு கதிர் முடிந்தது என்று நான் நம்பியிருந்தேன். அது அவள் உடம்புக்குள் தன் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்திருக்கிறது. எனக்கு இப்போது வருடம் என்பது இரண்டு கண் பரிசோதனை. நடுவில் வருகிற பொங்கலும் ஆடிக் கிருத்திகையும் அடுத்தவர் வீட்டு விசேஷம் போலப் போகின்றன. காலையில் அவள் எழுந்ததும் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, வலது கண்ணின் கறுப்புக்குள் வெள்ளை ஏதாவது தெரிகிறதா என்று பார்க்கிறேன். அவளும் இப்போதெல்லாம் கேட்காமலேயே முகத்தைத் திருப்பிக் காட்டிவிடுகிறாள்.

மலைக்குப் போவதை நிறுத்தவில்லை. சன்னதியில் நின்று முருகா என்றால் கட்டைவிரல் தானாகக் கணுவைத் தேடிப் போகிறது. நான் கையை இறுக மூடிக்கொள்கிறேன். கோமதி என் பக்கத்தில், நல்ல கண் சாமிக்கு நேராக வரும்படி தலையைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறாள்.